வெயிலை வரவு வைத்து ஓடும் கார்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னைப் பேச அழைத்தபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "சார், என்ன வேண்டுமானாலும் பேசுங்க, பராமரிப்புக் கட்டண பாக்கியைப் பற்றி மட்டும் வேண்டாம்" என்றார். முப்பத்தைந்து வருஷம் வங்கியில் கிளார்க்காக இருந்தவனிடம் பாக்கியைப் பற்றிப் பேசாதே என்றால் எப்படி? சரி, வாக்குக் கொடுத்துவிட்டேன். இன்றைக்கு ஒரு காரைப் பற்றிப் பேசுகிறேன். நம் பார்க்கிங்கில் யார் இடத்தில் யார் நிறுத்தினார் என்ற கதை இல்லை, பயப்படாதீர்கள். பெட்ரோல் இல்லாமல், வழியில் சார்ஜ் போடும் இடமும் இல்லாமல், வெயிலை மட்டும் நம்பி 3,000 கிலோமீட்டர் ஓடும் கார். அதைச் செய்கிறவர்கள் கல்லூரிப் பிள்ளைகள்.

பி.காம். படித்த எனக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் கேட்டேன். அதற்கு முன்னால் எங்கள் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் விக்கிரமங்கலம். இன்றைக்கு அரியலூர் மாவட்டம். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் திருச்சி மாவட்டம். என் தங்கை இன்னும் அங்கேதான் இருக்கிறாள். மச்சானுக்கு விவசாயம்தான் தொழில். கடலையும் மக்காச்சோளமும் போடுகிறார். அவர்கள் மகன் பொறியியல் படிக்கிறான். எங்கள் குடும்பத்தில் முதல் இன்ஜினியர் அவன்தான். கல்விக் கடன் வாங்கித்தான் சேர்த்திருக்கிறார்கள். அந்தக் கடன் மனுவைப் பூர்த்தி செய்து கொடுத்தவனே நான்தான்.

போன வருஷம் ஒருநாள் இரவு தங்கை போன் செய்தாள். "அண்ணே, இவன் காலேஜுல ஏதோ சோலார் காரு செய்யறாங்களாம். அதுல சேர்ந்துட்டானாம். ஆளுக்குப் பன்னிரண்டாயிரம் போடணும்ங்கறான். சனி ஞாயிறு வீட்டுக்கும் வரமாட்டானாம். ஒரு பேப்பர்ல அரியர் வேற. நீங்க சொன்னாத்தான் கேப்பான்" என்றாள்.

நான் போனை அவனிடம் கொடுக்கச் சொல்லி ஒரே வாக்கியத்தில் முடித்தேன். "பொம்மைக் கார் செய்யவா உன்னை காலேஜுக்கு அனுப்பினோம்?" அவன் "சரிங்க மாமா" என்றான். அதற்குப் பிறகு இரண்டு மாதம் என்னிடம் பேசவில்லை. கேட்பதற்கு முன்பே மனுவை நிராகரித்தேன். வங்கியில்கூட நான் யாருக்கும் அப்படிச் செய்ததில்லை. கவுன்ட்டருக்கு வந்தவரிடம் தாள்களை வாங்கிப் பார்க்காமல் "கிடையாது" என்று சொன்னதில்லை.

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது திண்ணையில் அவனைப் பிடித்து உட்கார வைத்தேன். "சரி, என்னதான் அது, கணக்கைக் காட்டு" என்றேன். பணக் கணக்கைக் காட்டுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் மடிக்கணினியைத் திறந்து வேறு ஒரு கணக்கைக் காட்டினான். வரவுப் பக்கத்தில் ரூபாய்க்குப் பதிலாக வெயில் இருந்தது. அதைப் புரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு இந்த விஷயத்தில் பிடிப்பு வந்தது. அன்று தெரிந்துகொண்டதையும், பிறகு நானாகத் தேடிப் படித்ததையும் உங்களுக்குச் சொல்கிறேன்.

இந்தப் போட்டியின் தாய்வீடு ஆஸ்திரேலியா. டென்மார்க்கில் பிறந்து அங்கே குடியேறிய ஹான்ஸ் தோல்ஸ்ட்ரப் என்ற சாகசக்காரர், லாரி பெர்கின்ஸ் என்ற பந்தய ஓட்டுநரோடு சேர்ந்து 1982 டிசம்பரில் ஒரு சூரியசக்திக் காரில் பெர்த் நகரிலிருந்து புறப்பட்டார். கண்டத்தின் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரையில் உள்ள சிட்னி வரை, 4,000 கிலோமீட்டருக்கு மேல். போய்ச் சேர 20 நாள் ஆயிற்று. நம் ஊர் சைக்கிள்காரர் கொஞ்சம் அழுத்தி மிதித்தால் கூடவே போயிருப்பார். ஆனால் வெயிலில் ஒரு கண்டத்தைக் கடக்க முடியும் என்று தெரிந்துவிட்டது.

அதே தோல்ஸ்ட்ரப் 1987-இல் உலக சோலார் சவாலைத் தொடங்கினார். வடக்கே டார்வினில் புறப்பட்டு, பாலைவனத்தின் நடுவே ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை வழியாகத் தெற்கே அடிலெய்டு வரை சுமார் 3,000 கிலோமீட்டர். கன்னியாகுமரியில் ஏறி டெல்லியும் தாண்டிப் போகிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வருஷம் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் சன்ரேசர் கார், மணிக்குச் சராசரி 67 கிலோமீட்டர் வேகத்தில் ஜெயித்தது. அவ்வளவு பெரிய கம்பெனி ஜெயித்ததில் ஆச்சரியம் இல்லை. 1990-இல் நடந்ததுதான் ஆச்சரியம். சுவிட்சர்லாந்தின் பீல் நகரத்துப் பொறியியல் கல்லூரி முதலில் வந்தது. ஹோண்டா கம்பெனி இரண்டாவது. பின்னால் ஹோண்டாவும் ஜெயித்தது. என்றாலும் 2001-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழக மாணவர்கள் வந்து ஜெயித்ததிலிருந்து இது மாணவர்களின் களமாகவே ஆகிவிட்டது. 2023-இல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக மாணவர்கள் மணிக்குச் சராசரி 88 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி ஜெயித்தார்கள்.

நம்மவர்களும் சும்மா இல்லை. சென்னை ஐஐடியில் மாணவர்கள் சேர்ந்து அக்னிரத் என்று ஒரு அணி வைத்திருக்கிறார்கள். கொரோனா காலம், 2021-இல் தொடங்கியது. அவர்கள் கட்டிய காருக்கு ஆக்னேயா என்று பெயர். 2023 அக்டோபர் ஆஸ்திரேலியப் போட்டியைக் குறி வைத்தே அதைச் செய்தார்கள். ஐஐடிக்குள் மாணவர்களே நடத்தும் புத்தாக்க மையம் ஒன்று உண்டு. அங்கே படித்துவிட்டுப் போன பழைய மாணவர்கள் கொடுத்த பணத்தில் 2008-இல் உருவானது. அக்னிரத் பிறந்தது அந்த மையத்தில்தான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பிள்ளைகளின் இந்த மாதிரி முயற்சிக்குப் பின்னால் எப்போதும் ஒரு பெரியவர் கூட்டம் இருக்கிறது. யாரோ ஒருவர் "செய், பார்க்கலாம்" என்று சொல்லியிருக்கிறார்.

இப்போது கணக்குக்கு வருவோம்.

உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் இடத்தில் விழுகிற சூரியசக்தி சுமார் 1,000 வாட். நல்ல சிலிக்கன் தகடு அதில் கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாக மின்சாரமாக மாற்றும். 2023 போட்டியில் முதல் பிரிவுக் கார்களுக்கு அனுமதித்த தகடு 4 சதுர மீட்டர்தான். ஒரு கட்டில் அளவு. பெருக்கிப் பாருங்கள், நல்ல வெயிலில் மொத்தம் கிடைப்பது 1,000 வாட்டுக்குக் கொஞ்சம் குறைவு. நம் வீட்டில் சட்டைக்கு இஸ்திரி போடும் பெட்டி எடுக்கிற மின்சாரம் அவ்வளவுதான். நம் கீழ்த்தளத்தில் நிற்கிற சின்னக் காரின் எஞ்சினுக்கு அதைப்போல ஐம்பது மடங்கு திறன். இஸ்திரிப் பெட்டியின் மின்சாரத்தில் ஒரு ஆளை உட்கார வைத்து நெடுஞ்சாலையில் எண்பது, தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுகிறார்கள்.

பேட்டரி உண்டு. ஆனால் அதற்கும் வரம்பு உண்டு. 2023 போட்டியில் லித்தியம் பேட்டரி என்றால் 20 கிலோ எடை. அதில் நின்றது சுமார் 5 யூனிட். ஏசி ஓடுகிற வீட்டில் ஒருநாளைக்குக்கூட வராது. புறப்படும்போது அதை நிரப்பிக்கொண்டு போகலாம். அதற்குப் பிறகு வழியில் ஒரு யூனிட்கூட வெளியே வாங்கக் கூடாது. ஆரம்ப இருப்பு அவ்வளவுதான், மற்றதெல்லாம் அன்றன்றைய வரவு. கடன் வசதி கிடையாது.

காலை 8 மணிக்குத்தான் ஓடத் தொடங்கலாம். மாலை 5 மணி ஆனதும் எங்கே இருக்கிறார்களோ அங்கேயே நிறுத்த வேண்டும். பொட்டல் காடாக இருந்தாலும் அங்கேதான் கூடாரம். நிறுத்தியதும் வேலை முடியவில்லை. சூரியன் மறைகிற வரைக்கும் தகடுகளைத் தூக்கி மேற்கே பார்க்கச் சாய்த்துப் பிடிப்பார்கள். விடிந்ததும் கிழக்கே பார்க்கப் பிடிப்பார்கள். அரை யூனிட் கிடைத்தாலும் வரவுதான். நடுவில் குறிப்பிட்ட ஊர்களில் கட்டாயமாக அரை மணி நேரம் நிற்க வேண்டும். அந்த அரை மணியிலும் தகடு வெயிலைத் தின்றுகொண்டே இருக்கும்.

இதைக் கேட்டதும் எனக்கு என் அம்மாவின் ஞாபகம் வந்தது. விக்கிரமங்கலத்தில் சித்திரை வெயிலில் வடகம் பிழிந்து காயப்போடுவார். காலையில் எழுந்ததும் முதல் வேலை வானத்தைப் பார்ப்பது. இன்றைக்குப் பிழியலாமா, நாளைக்கா? மதியம் மேற்கே இருட்டினால் எப்போது வாருவது? சீக்கிரம் வாரினால் காயாது, தாமதித்தால் நனைந்துவிடும். அந்தக் கார்களுக்குப் பின்னாலேயே ஒரு வண்டி வரும். அதில் ஒரு மாணவனோ மாணவியோ வானிலைத் தகவலையும் பேட்டரி இருப்பையும் வைத்துக்கொண்டு, "இன்னும் நூறு கிலோமீட்டரில் மேகம் இருக்கிறது, இப்போது வேகத்தைக் கூட்டித் தாண்டிவிடலாமா, குறைத்துச் சேமிக்கலாமா" என்று முடிவு சொல்வார். என் அம்மா கணினி இல்லாமல் செய்த வேலை.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அது தெரிந்தபோது எனக்குக் கூட்டுவட்டியே ஞாபகம் வந்தது. வேகம் கூடக்கூடக் காற்று நம்மைப் பின்னுக்குத் தள்ளும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்கு. என் மருமகன் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினான். முதல் ஒரு மணி நேரம் 60 கிலோமீட்டர் வேகம், அடுத்த ஒரு மணி நேரம் 100 கிலோமீட்டர் வேகம். மொத்தம் 160 கிலோமீட்டர். இரண்டு மணி நேரமும் ஒரே சீராக 80 போனாலும் அதே 160 கிலோமீட்டர். ஆனால் முதல் வழியில் காற்றைத் தள்ளுவதற்கு மட்டும் சுமார் 19 சதவீதம் கூடுதல் மின்சாரம் போகிறது. அதாவது காலையில் சோம்பி இருந்துவிட்டுப் பிற்பகல் அவசரப்படுகிறவன் அபராதம் கட்டுகிறான். மாதாமாதம் கட்டாமல் மார்ச் மாதம் மொத்தமாகக் கட்டுகிறேன் என்கிறவர்களுக்கு இதைப் படித்துக் காட்டலாம். மன்னிக்கவும், செயலாளருக்குக் கொடுத்த வாக்கு நினைவிருக்கிறது.

இவ்வளவு கணக்குப் போட்டும் தோற்றுப்போகலாம். 2019 போட்டியைக் கேளுங்கள். நெதர்லாந்தின் ட்வென்ட்டி பல்கலைக்கழகக் கார் முதலிடத்தில் போய்க்கொண்டிருந்தபோது பலத்த காற்று அதைச் சாலையை விட்டே தள்ளிவிட்டது. இந்தக் கார்கள் இருநூறு கிலோ கூட இருக்காது, காற்றுக்கு எம்மாத்திரம்? அடுத்து டெல்ஃப்ட் மாணவர்கள் முன்னால் வந்தார்கள். கடைசி நாள், அடிலெய்டு எட்ட முந்நூறு கிலோமீட்டர்கூட இல்லை. பேட்டரியில் தீப்பிடித்துக் கார் எரிந்துபோனது. ஓட்டியவர் இறங்கிவிட்டார், உயிருக்கு ஆபத்தில்லை. அந்த வருஷம் லூவன் மாணவர்கள் முதன்முறையாக ஜெயித்தார்கள். கார் எரிந்ததோடு டெல்ஃப்ட் அணி கலைந்துவிடவில்லை. அடுத்தடுத்துப் படிக்க வந்த மாணவர்கள் புதுக் கார் கட்டினார்கள். 2025-இல் மறுபடி அவர்களே ஜெயித்தார்கள். ஜெயித்தவர்களில் பாதிப்பேர் 2019-இல் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பார்கள். சீனியர்கள் எழுதி வைத்துவிட்டுப் போன குறிப்புகள்தான் அவர்களுக்குக் கிடைத்த சொத்து.

பெற்றோராகிய நமக்கு இதில் என்ன இருக்கிறது? அதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

அன்று திண்ணையில் என் மருமகனிடம் கேட்டேன். "இதுல உன் வேலை என்னடா?" "பேட்டரி பெட்டிங்க மாமா. எந்த செல் எவ்வளவு சூடாகுதுன்னு பார்த்து எழுதறது." "யாரு சொல்லிக் குடுக்கறா?" "ஒரு சார் இருக்காருங்க. கணக்கெல்லாம் எங்க கூடப் படிக்கற பொண்ணு போடறா. அவ தப்புன்னா நாங்க திரும்பச் செய்யணும்." ஒரு பாடத்தில் அரியர் வைத்தவன், செல் சூடாகும் அட்டவணையைத் தேதி நேரத்தோடு நோட்டில் எழுதி வைத்திருந்தான். அடித்தல் திருத்தல் இருந்த இடங்களில் கையெழுத்துப் போட்டிருந்தான். எங்கள் காலத்துப் பேரேட்டில் அப்படித்தான் செய்வோம். அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று தெரியவில்லை.

அன்றே ஒரு ஒப்பந்தம் போட்டோம். பன்னிரண்டாயிரத்தில் பாதி நான் தருவேன், மீதியை விடுமுறையில் ஏதாவது வேலை செய்து அவன் சம்பாதிக்க வேண்டும். அரியர் பேப்பரை அடுத்த தேர்வில் முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் அணியிலிருந்து அவனாகவே விலக வேண்டும். தங்கைக்கு அரை மனசுதான். மச்சான் மட்டும், "வெயில்ல வேலை செய்யறவன் புள்ளை வெயிலைப் பத்திப் படிக்கறான், படிக்கட்டும்" என்றார்.

என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். உள்ளதைச் சொல்கிறேன். அவர்கள் கார் ஆஸ்திரேலியா போகவில்லை. கல்லூரி மைதானத்தில் முதல் நாள் ஓட்டத்தில் நாற்பது கிலோமீட்டர் ஓடியது. அதற்குப் பிறகு மோட்டார் கட்டுப்பாட்டுப் பலகை கருகி நின்றுவிட்டது. அதைச் சரிசெய்யப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவன் அரியரை முடித்துவிட்டான், 58 மதிப்பெண். வேலைக்கான நேர்காணல் இனிமேல்தான். அதில் இந்தக் கார் உதவுமா என்று என்னால் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் முன்பு எதைக் கேட்டாலும் "தெரியலைங்க மாமா" என்று சொன்ன பையன், இப்போது "பார்த்துட்டுச் சொல்றேங்க மாமா" என்கிறான். பார்த்துவிட்டுச் சொல்லவும் செய்கிறான்.

இந்தக் குடியிருப்பிலும் கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். நாளைக்கு உங்கள் வீட்டிலும் ஒருவர் வந்து கார், ராக்கெட், ட்ரோன் என்று ஏதாவது சொல்லிப் பணமும் நேரமும் கேட்கலாம். நான் செய்த தவறைச் செய்யாதீர்கள். உடனே சரி என்றும் சொல்ல வேண்டாம். மூன்று கேள்வி கேளுங்கள்.

முதலாவது, பொறுப்பான ஆசிரியர் யார், பாதுகாப்புக்கு என்ன ஏற்பாடு? லித்தியம் பேட்டரி விளையாட்டுப் பொருள் இல்லை. அதைத் தனியாக யாரும் கையாளக் கூடாது. தீயணைப்பான் பக்கத்தில் இருக்க வேண்டும். சோதனை ஓட்டம் மூடிய மைதானத்தில்தான் நடக்க வேண்டும், பொதுச் சாலையில் கூடாது. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல், சிமென்ட் லாரிகள் போகிற சாலையைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, கணக்கு எங்கே? வசூலித்த பணம் யார் பெயரில் இருக்கிறது, ரசீது உண்டா, யார் சரிபார்க்கிறார்கள்? கணக்குக் காட்டத் தயங்குகிற அணியில் சேர வேண்டாம். ஒன்று சொல்கிறேன், இப்படிப்பட்ட அணிகளில் நன்கொடை திரட்டவும், செலவு எழுதவும், வெளிநாட்டுக்குக் காரை அனுப்பிச் சுங்கத் தாள்களோடு திருப்பிக் கொண்டுவரவும் ஆள் வேண்டும். வணிகவியல் படிக்கிற பிள்ளைகளுக்கும் அங்கே இடம் இருக்கிறது. என் காலத்தில் இது இருந்திருந்தால் நானே போயிருப்பேன்.

மூன்றாவது, இதில் உன் வேலை என்ன? பதில் தெளிவாக வந்தால் அனுப்புங்கள். "நாங்க எல்லாரும் சேர்ந்து எல்லாம் செய்வோம்" என்று வந்தால் இன்னும் கொஞ்சம் விசாரியுங்கள்.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மாலை ஆறு மணிக்கு விடுதிக்குத் திரும்ப வேண்டும் என்ற விதியால் பட்டறை வேலையை விட்டு வருகிற பெண்கள் உண்டு என்று மருமகன் சொன்னான். கல்லூரியில் பேசி, ஆசிரியர் துணையோடு நேரம் வாங்கிக் கொடுக்க முடியும். அதைக் கேட்க வேண்டியவர்கள் நாம்தான்.

கடைசியாக ஒரு அறிவிப்பு. மருமகன் அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு இங்கே வருகிறான். ஒரு சின்னத் தகடும் மீட்டரும் கொண்டு வருகிறான். காலை பத்து மணிக்கு நம் மொட்டை மாடியில், மேகம் தாண்டும்போது மின்சாரம் எவ்வளவு இறங்குகிறது என்று பிள்ளைகளே அளந்து எழுதலாம். நோட்டும் பேனாவும் கொடுத்து அனுப்புங்கள். அன்றைக்கு மட்டும் கொடியில் துணி காயப்போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.